விழுங்கிய பிறகு வந்த எலி

விழுங்கிய பிறகுதான் எலி வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் சித்தப்பா ஊற்றிக் கொடுத்த ஒயின் நல்ல சிவப்பு. மூக்கில் வைத்தால் பன்னீர் திராட்சை வாசம், நாக்கில் வைத்தால் கொஞ்சம் புளிப்பு. பரவாயில்லையே என்று நினைத்து விழுங்கினேன். பிறகு எச்சில் ஊறியது. அந்த எச்சிலோடு தொண்டைக்குப் பின்னாலிருந்து கிளம்பி வந்தது பாருங்கள் ஒரு நாற்றம்! அரிசி மூட்டைக்குப் பின்னால் எலி குடும்பம் நடத்திய இடத்தைப் பெருக்கும்போது மூத்திரமும் ஊறிப்போன தவிடுமாக ஒரு நெடி அடிக்குமே, அதேதான். வாய் கொப்பளித்தேன், போகவில்லை. மோர் குடித்தேன், போகவில்லை. நூம்பலில் சித்தப்பா வீட்டு மொட்டைமாடி அறையில் நடந்தது இது.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. இரண்டு பேரும் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். சித்தப்பா ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். வளைகுடாவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, யாரையோ பிடித்து ஸ்பெயினுக்குப் போனார். அங்கே காத்தலோனியாவில் ஒரு மலையடிவாரத்தில், புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் நடத்துகிற சின்ன ஒயின் பட்டறையில் திராட்சை பிழியும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கப் போனவர், அங்கேயே வேலைக்குத் தங்கிவிட்டார். சித்தியும் மகளும் நூம்பலில் இருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். நாங்கள் சாக்லேட் எதிர்பார்த்துப் பெட்டியைச் சுற்றி நிற்போம். அவர் அந்த ஊர் மண்ணைப் பற்றிப் பேசுவார்.

ஒயின் கெடாமல் இருக்க எல்லா ஊரிலும் சல்ஃபைட் என்று ஒரு கந்தக உப்பைக் கொஞ்சம் போடுவார்கள். இவருடைய முதலாளி மாதிரி சின்னப் பட்டறைக்காரர்கள் சிலர் அதைத் தொடமாட்டார்கள். திராட்சை, அதன் தோலோடு வரும் ஈஸ்ட், காலம், அவ்வளவுதான். "உயிரோட கீதும்மா அது. பொடி போட்டா செத்துடும்" என்பார் சித்தப்பா. உயிரோடு இருக்கிற எதுவும் நாறவும் செய்யும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். பொடி போடாத ஒயினுக்கு வருகிற கேடுகளில் கேவலமானது, ஒயின்காரர்கள் எலி என்றே சொல்லும் இந்த நாற்றம். முகர்ந்தால் தெரியாது. விழுங்கினால்தான் தெரியும். அதிலும் சில பேருக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்கள் ஒரு குடம் குடித்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்கள். நாக்கு பிறப்பிலேயே அப்படியாம்.

அந்த முதலாளிக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது. அதனால் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் முதல் வாய் முதலாளியம்மாவுக்கு. அவர் விழுங்கியதும் யாரும் பேசக்கூடாது. எச்சில் ஊறும்வரை காத்திருப்பார்கள். அந்தம்மா எலி என்றால் எலி. மேல்முறையீடு கிடையாது. முதலாளி ஒரு வருஷ உழைப்பை அப்படியே மூலையில் தள்ளிவைத்து, 'காத்திருப்போம், சில சமயம் தானாகப் போகும்' என்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவாராம். ஒரு முறை அப்படித் தள்ளியது அவர்கள் மகன் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பீப்பாய். அந்தம்மா கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதாம், ஆனாலும் எலி என்றுதான் சொன்னாராம். இந்தக் கதையைச் சித்தப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சொன்னவர் அதைக் கொஞ்சமாவது தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டிருக்க வேண்டாமா?

முழங்கால் தேய்ந்து சித்தப்பா ஊர் திரும்பிய வருஷம் என் தங்கைக்கு, அதாவது அவர் மகளுக்கு, பூந்தமல்லியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாண வரவேற்பில் கேக் வெட்டி, எல்லோருக்கும் ஒரு வாய் ஒயின் கொடுத்து வாழ்த்துவது வழக்கம். பெரும்பாலும் சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் போட்டு வீட்டில் செய்கிற இனிப்புத் தண்ணீர்தான் அது. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மகள் கல்யாணத்துக்குத் தன் கையால், எதுவும் சேர்க்காமல் செய்யப்போவதாகக் கிளம்பினார். கோயம்பேட்டிலிருந்து கூடை கூடையாகத் திராட்சை வந்தது. மொட்டைமாடி அறையில் பெரிய பீங்கான் ஜாடிகளுக்கு ஈரச் சாக்கு போர்த்தி, பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டார். நம் ஊர்ச் சூட்டுக்கு ஈரச் சாக்கு எம்மாத்திரம்? மாடிப்படி ஏறும்போதே புளித்த வாடை முகத்தில் அறையும். தரையெல்லாம் பிசுபிசுப்பு, சுவரெல்லாம் பழ ஈ. சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு துணி காயப்போட்டாள்.

முதலாளியம்மாவின் இடத்தில் அவர் தன் மகளை வைத்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது. வாரம் ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு டம்ளரை நீட்டுவார். அவள் விழுங்கிவிட்டு, "சூப்பர்ப்பா" என்பாள். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

நான் மண்ணூர்பேட்டையில் மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் இருக்கிறேன். எந்நேரமும் மிளகாய் நெடியிலேயே கிடந்தும் என் மூக்கு மழுங்கவில்லை. வீட்டில் எனக்கு மோப்ப நாய் என்றே பெயர். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் நூம்பல் போனபோதுதான் அந்த டம்ளர் என் கைக்கு வந்தது. குடித்தேன், ஓடிப்போய்த் துப்பினேன், திரும்பி வந்து சொன்னேன்.

"எலி, சித்தப்பா."

அவர் சிரித்தார். "இன்னாம்மா வெளையாடுறியா?"

"சத்தியமா எலி. இதை யாருக்கும் குடுக்காதீங்க. கடையில ரெண்டு பாட்டில் வாங்கிக்கலாம்."

அவர் முகம் சுண்டிப்போனது. படியருகே போய் மகளைக் கூப்பிட்டார். அவள் கையில் மருதாணியோடு வந்தாள். டம்ளரை அவரே அவள் வாயில் வைத்தார். அவள் விழுங்கினாள். அவர் காத்திருந்தார். நான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டைக்குழி ஒரு முறை மேலே ஏறி இறங்கியது, கண் லேசாகச் சுருங்கியது. அவளுக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"நல்லாதாம்பா கீது. அக்காவுக்கு ஒயின் பழக்கம் இல்ல, அதான்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எலியைக்கூட மன்னிக்கலாம், அது கிருமியின் வேலை. இந்த 'சூப்பர்' இருக்கிறதே, அதைத்தான் என்னால் சகிக்க முடியாது. ஊசிப்போன சட்னிக்கு சூப்பர், கட்டைக் குரலில் பாடுகிற பிள்ளைக்கு சூப்பர், விளங்காத மாப்பிள்ளைக்கு சூப்பர். எதிரில் இருப்பவன் முகம் வாடக்கூடாது என்று ஆளாளுக்கு வழித்து வழித்துப் பூசுகிறோம். பூசியது அத்தனையும் உள்ளே நாறுகிறது. நாற்றம் தெரிந்தவன் வாயைத் திறந்தால் அவன்தான் திமிர் பிடித்தவன். அன்றைக்கு சித்தி என்னிடம், "கல்யாண வீட்ல நல்ல வார்த்தை பேசக் கூடாதா நீ?" என்றே கேட்டாள். நான் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

வரவேற்பு ஆவடியில், சர்ச்சுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. தாம்பூலத் தட்டு மாதிரி தட்டுகளில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கப்புகள் போயின. சித்தப்பா கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நின்று, இது தன் கையால் செய்தது, ஒரு பொடியும் சேர்க்காதது என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கையை உயர்த்தினார்கள், விழுங்கினார்கள். கைதட்டல் எழுந்து, பாதியிலேயே அங்கங்கே அறுந்தது. பலர் முகத்தில் ஒன்றுமில்லை, அவர்கள் இரண்டாவது கப்பை எடுத்தார்கள். மற்றவர்கள் முகம் ஒவ்வொன்றாகக் கோணியது. கைக்குட்டைகள் வாய்க்குப் போயின. ஒரு அம்மா கேக் தட்டிலேயே துப்பினாள். கை கழுவும் இடத்தில் வரிசை நின்றது. காறித் துப்புகிற சத்தம் மேடைவரை கேட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் மேடையேறி, "ஏங்க, எலி கிலி உழுந்துட்ச்சா இதுல?" என்று நேராகக் கேட்டார். அந்த மண்டபத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

சித்தப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் போனார். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

அவள் பூச்செண்டைப் பார்த்தபடியே சொன்னாள். "மொத நாளே தெரியும்பா. நீ எவ்ளோ ஆசையா கேட்ட."

"நான் ஆசையாவா கேட்டேன்? தெரியாமதானேடா கேட்டேன்."

அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. கண்ணில்லாதவன் ரோட்டைக் கடக்கக் கை கேட்டால், அவன் மனசு நோகக்கூடாது என்று வண்டி எதுவும் வரவில்லை என்பதா பாசம்? அதற்குப் பிறகு பந்தியில் பிரியாணி நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் சித்தப்பா ஜாடிகளைத் தானே தூக்கிப்போய்த் தெருச் சாக்கடையில் கொட்டினார். தெரு முழுக்க நாறியது. அக்கம்பக்கத்தார் திட்டினார்கள், நின்று வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. அவர் ஒயின் பேச்சையே எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நூம்பல் போயிருந்தேன். வழக்கம்போலப் பூந்தமல்லியிலிருந்து தங்கை போன் செய்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார். "எப்படிடா கீற?" என்றார். "சூப்பரா கீறேம்பா" என்றாள். அப்புறம் அவளாகவே வேகவேகமாகப் பேச ஆரம்பித்தாள்: மாமியார் நல்ல மாதிரி, வீட்டுக்காரர் புதுசாக ஏசி வாங்கியிருக்கிறார், இன்றைக்கு மீன் குழம்பு. நடு நடுவே ஒரு சிரிப்பு.

சித்தப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டியா? நல்லா கீறாளா? எனக்குத் தெரியல, நீ சொல்லு."

ஒரு நல்ல வார்த்தை சொல்ல அன்றைக்கு எனக்கும் நாக்கு துடித்தது. சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் குரல் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமிவிட்டுப் பேசுகிற குரல்.

"நல்லா இல்ல, சித்தப்பா."

அவர் போனை என் கையில் கொடுத்தார், ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. போனில் அவள் இன்னும் மீன் குழம்புக்கு மாங்காய் போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.