பெரியப்பாவின் சைக்கிள்

பொய் சொல்லக்கூடாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். என் பெரியப்பா அதற்கென்று தடித்த புத்தகமே எழுதியிருந்தார். இறையியல் கல்லூரியில் கிறிஸ்தவ அறவியல் படிப்பித்தவர். கலியாணம் கட்டாமல் உடுவிலில் எங்களோடேயே இருந்தார். அப்படியொரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது இலேசுப்பட்ட காரியமில்லை. ஒருமுறை சபைக் கூட்டத்துக்கு அப்பாவைக் கூப்பிட வந்தவரிடம், அப்பா சொல்லித்தந்தபடியே "அப்பா வீட்டிலை இல்லை" என்றேன். பெரியப்பா படித்த பக்கத்தில் விரலை வைத்தபடி வெளியே வந்து, "தம்பி குசினிக்குள்ளை நிக்கிறான், இருங்கோ கூப்பிடுறன்" என்றார். அப்பா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அவரை வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று அதிபராகக் கூப்பிட்டது. நேர்முகம் கொழும்பில். அந்த நாட்களில் குடாநாட்டை விட்டு வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும், பாஸுக்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் குறித்த நாளில் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவரைக் கொண்டுபோய்விடுவார்கள். இது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். பத்து வயதுக்காரி எனக்கு மட்டும் தெரியாது. இத்தனைக்கும் விண்ணப்பத்தை நிரப்பியதே நான்தான்! என் எழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று அந்த வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். 'பிணை நிற்பவர்' என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதி, 'உறவு' என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதி, தள்ளிப் பிடித்து அழகு பார்த்தேன். முப்பது நாளைக்குப் பாஸ் கிடைத்தது.

வெளிக்கிடும்போது பெரியப்பா தெருப் படலையடியில் நின்று, "நான் வராட்டில் என்ரை சைக்கிள் உனக்குத்தான்" என்று பகிடி விட்டார். நான் மட்டும் சிரித்தேன்.

பெற்றோல் கண்ணாலும் காணக் கிடைக்காத காலம். சைக்கிள் வைத்திருந்தவன் ராசா. மின்சாரமும் இல்லாததால் பின்னேரங்களில் அந்தச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். அது எனக்கே எனக்கென்று வரப்போகிறது! அன்றைக்கே முழங்காலில் நின்றுவிட்டேன். ஆண்டவரே, பெரியப்பாவுக்கு வேலை கிடைக்கவேணும், அவர் திரும்பி வரவே கூடாது. ஒருநாளும் இந்த ஜெபத்தைத் தவறவிடவில்லை.

மூன்று கிழமை கழித்து, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் கடிதம் வந்தது. வேலை சரி, அடுத்த கிழமையே பிளேன் ஏறச் சொல்கிறார்கள், யோசிக்கிறேன் என்று எழுதியிருந்தார். திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"யோசிக்கிறாராம்" என்று அம்மா கடிதத்தை மடித்தா. "உவர் கலியாணத்தையும் உப்பிடித்தான் யோசிச்சு யோசிச்சு விட்டவர்."

"அண்ணை வருவார்" என்றார் அப்பா.

சொன்னாரே தவிர, அதன்பிறகு அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. கதிரையில் இருப்பார், எழும்புவார், கிணற்றடிக்குப் போவார், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் புட்டுக் கையோடு படலைக்கு ஓடுவார். கொழும்பிலிருந்து திரும்ப இருந்த ஒரே வழியான கிளாலிக் கடலில் துவக்குச் சூடு நடக்கிறது, வள்ளம் ஓடவில்லை என்று செய்தி வந்தது. அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். நான் உள்ளே போய் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இருபத்தொன்பதாம் நாள் அம்மா சின்னப் பை ஒன்றில் சாரம், துவாய், பற்பசை எல்லாம் எடுத்து வைத்தா.

"எங்கை போறியள் அப்பா?"

"ஒரிடமும் இல்லையம்மா."

அந்தப் பை வாசலிலேயே கிடந்தது. முப்பதாம் நாள் மத்தியானம் யாரோ ஒருவரின் சைக்கிள் கரியரில் பெரியப்பா வந்து இறங்கினார். சப்பாத்துகள் கழுத்தில் தொங்கின, காற்சட்டை முழங்கால்வரை உப்புப் பூத்திருந்தது. அப்பா ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முதலில் வாய் திறந்தது நான்தான்.

"வேலை தரேல்லையோ?"

"தந்தவை."

"பிறகேன் வந்தனீங்கள்? நீங்கள் வரக்கூடாதெண்டு ஒவ்வொரு நாளும் ஜெபம் பண்ணினனான்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வாசலில் கிடந்த பையைப் பார்த்தார். எதற்கும் நாட்கணக்கில் யோசிக்கிற மனிதர் அன்று கண்மூடித் திறக்கும் நேரம்கூட எடுக்கவில்லை.

"சைக்கிளை விட்டிட்டெல்லே போட்டன் பிள்ளை. உது இல்லாமல் அங்கை போய் என்ன செய்யிறது? அதுதான் வந்தனான்."

நம்பினேன். பெரியப்பா பொய் சொல்லமாட்டார் என்பது உலகறிந்த சங்கதி அல்லவா? ஞாயிறு பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னேன்: எங்கடை பெரியப்பா ஒரு துருப்பிடிச்ச சைக்கிளுக்காக வெளிநாட்டு அதிபர் வேலையை விட்டிட்டு வந்த கஞ்சன். கதை அவர் காதுக்கும் போனது. "ஓம், நல்ல சைக்கிள்" என்றாராம். அந்த வேலைக்கு வேறு யாரோ போனார். பெரியப்பா கடைசிவரை இங்கேயே, மழைக்கு ஒழுகும் மண்டபத்தில், ஏழு மாணவர்களுக்கு அதிபராக இருந்தார்.

அவர் வந்த அன்று பின்னேரம் என் அழுகையை நிறுத்த, சைக்கிள் பூட்டின் திறப்பை என்னிடமே தந்தார். பாருக்குள்ளால் காலை விட்டு ஒழுங்கை முனைவரை ஓடித் திரும்பினேன். படலையடியில் அப்பா நிலத்தில் குந்தியிருந்து, சின்னப்பிள்ளைபோல விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் பெரியப்பா அவருடைய முதுகைத் தடவியபடி நின்றார். அப்பா அழுது நான் அதற்குமுன் கண்டதில்லை. எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. பிரேக்கைப் பிடித்து இறங்கினேன்.

பாவம் அப்பா, அவரும் இந்தச் சைக்கிளுக்குத்தான் ஆசைப்பட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.