பயிரிட்டவர் யார்?

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அத்தானைத் திட்டும்போது, நான் ஏதோ யோக்கியன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அத்தான் என் அக்காவின் கணவர். மொன்றியல் நகரத்து லாசாலில் வீடு. அங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் கோதுமை நிலம் வாங்கி, ஒரு கியூபெக் விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். விதை, டீசல், உழைப்பு எல்லாம் அந்த மனுஷனுடையது. அத்தானின் சப்பாத்தில் அந்த நிலத்துச் சேறு ஒருநாளும் பட்டதில்லை. அவருக்குப் பிரெஞ்சு வராது, விவசாயிக்கு ஆங்கிலம் வராது. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் பிரெஞ்சு பழகிய நான்தான் இருவருக்கும் இடையில் இருந்து கதைப்பவன்.

போன வருடம் அறுவடை நேரத்தில் விடாமல் மழை. வெட்டுமுன்னே மணிகள் கதிரிலேயே முளைத்து வீணாகிவிட்டன. அரசாங்கம் கோதுமை விவசாயிகளுக்கு உதவித்தொகை அறிவித்தது. அத்தான் படிவத்தை மேசையில் போட்டார். ‘பயிரிட்டவர் யார்?’ என்ற கேள்வியில் என் பேனை நின்றது.

“என்ர பேரைப் போடு.”

“அத்தான், விதைச்சது அவரெல்லோ?”

“காணி ஆரின்ர? உன்னை இஞ்ச கூப்பிட்டது ஆர்?”

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்கு மறுபேச்சுக் கிடையாது. ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுத்தவர் பகலை இரவென்றாலும் தலையாட்ட வேண்டும். ஆட்டினேன். எழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்று எல்லோரும் புகழும் கையால் அந்தப் பொய்யை எழுதினேன்.

இது அத்தானுக்குத் தெரியாத அநியாயமா? அதுதான் என் வயிற்றெரிச்சல். கிளிநொச்சியில் அவருடைய ஐயா குத்தகைக்கு வயல் செய்தவர். கொழும்பில் இருந்த காணிக்காரர் உர மானியத்தைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ள, ஐயா உரம் கொடுக்கும் கமநல நிலையத்திலிருந்து வெறுஞ்சாக்கோடு திரும்பினாராம். இதைக் கல்யாண வீடுகளில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். சொல்லிச் சொல்லி என்னத்தைக் கற்றார்? அந்தக் காணிக்காரரின் வேலையைத்தான்.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை விவசாயி அத்தான் வீட்டுக்கு வந்தார். எங்கள் வழக்கம் அறிந்து, வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு சோபா நுனியில் உட்கார்ந்தார். அதே நிலத்துக்கு அத்தான் பெயரில் ஏற்கெனவே விண்ணப்பம் இருப்பதால் தன்னுடையதை நிராகரித்துவிட்டார்கள் என்றார். அலுவலகத்தில் யாரோ பெயரை மாற்றிப் பதிந்திருக்க வேண்டும், இந்தத் திருத்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போதும், இந்தப் பணம் வராவிட்டால் வசந்தத்தில் விதை வாங்க வழியில்லை, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றார். மன்னிப்பு! எங்களிடம் அவர் கேட்கிறார்!

நான் தமிழில் சொன்னதும் அத்தான் சிரித்த முகத்தோடு, “ஒஃபிஸ் பிழை, எங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு” என்றார்.

நான் விவசாயியிடம் பிரெஞ்சில் சொன்னேன்: “அது பிழையில்லை. தெரிந்தே எழுதியது. எழுதியவன் நான்.”

அவர் அத்தானைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “இத்தனை வருடமாக அவர் சொன்னதையெல்லாம் நீதானே எனக்குச் சொன்னாய்” என்றார்.

“என்னடா சொன்னனீ?” என்றார் அத்தான்.

“உள்ளதைச் சொன்னனான். கையெழுத்தைப் போடுங்கோ. இல்லாட்டி நானே ஒஃபிசுக்குப் போய்ச் சொல்லுவன். உங்கட ஐயா வெறுஞ்சாக்கோட வந்ததை மறந்துபோனீங்களோ?”

போட்டார். போட்டுவிட்டுப் பேனையை என் முகத்தில் எறிந்தார்.

விவசாயிக்குப் பணம் கிடைத்துவிட்டது. அத்தான் என்னோடு கதைப்பதில்லை. போகட்டும், எனக்கும் அவரோடு கதைக்க ஒன்றுமில்லை. குத்தகை மட்டும் தொடர்கிறது. இந்த வசந்தத்தில் அதைப் பேச வந்தபோது விவசாயி ஆங்கிலம் தெரிந்த தன் மகளைக் கூட்டிவந்தாராம். அக்கா சொன்னாள்.

“என்னைக் கேட்டவரோ?” என்றேன்.

“இல்லை” என்றாள்.