ருசி கேட்கிறவர்

பையில் கத்தரிக்காயைப் போட்ட பிறகும் ரவூப் நாநா பையின் காதை விடமாட்டார். "முந்தாநாள் கொண்டு போன பாவக்காய எப்பிடி ஆக்கினீங்க மகள்? அதச் சொல்லிட்டுப் போங்க."

பக்கத்து வீட்டு ஜெஸ்லாவுக்கு இது பழகிப்போன வழிப்பறி. "வட்டமா வெட்டி, மஞ்சள் பெரட்டி, மொறுமொறுன்னு பொரிச்சேன் நாநா. வெங்காயமும் பச்ச மொளகாயும் அரிஞ்சி போட்டு, தேசிக்கா புளிஞ்சி வுட்டேன்."

"கசப்பு?"

"மொதல்ல தெரியல்ல. முழுங்கின பொறகு மெதுவா வந்திச்சி."

அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கசப்பு தன் தொண்டைக்கு வந்து சேரும்வரை அப்படியே நிற்பார். பிறகுதான் பைக்கு விடுதலை.

கலேவெலயில், குளத்துக்குக் கீழே அவருடைய தோட்டம். பெரிதல்ல. ஆனாலும் உள்ளே போனவருக்கு வந்த வேலை மறந்துவிடும். பந்தலில் புடோல்கள், அதாவது புடலங்காய்கள், வளையாமலிருக்க நுனியில் கட்டிய கற்களோடு தொங்கும். காற்று வந்தால் எல்லாம் சேர்ந்து மெல்ல ஆடும். அவற்றின் நிழலில் அணில்வரிக் கத்தரி, வேலியில் சிறகவரை, வாய்க்கால் ஓரம் கங்குன் கீரை. வெள்ளைப் பாகலுக்குக் கசப்பு கொஞ்சம், பச்சைக்கு அதிகம். "கண்ணுக்கு கங்குன், ரத்தத்துக்கு முருங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஆள் பார்த்துக் கொடுப்பார்.

இவ்வளவும் விளைவிக்கிறவருக்கு இதில் ஒன்றையும் மனம்போல உண்ண வழியில்லை. சிறுநீரகம் பழுது. கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: கீரையும் தக்காளியும் வேண்டாம், மற்றக் காய்களைப் பொடியாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், உப்பு பேருக்கு. நாக்குக்கு இடம்கொடுத்தால் அடுத்தது ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின்தான். மனைவி மஸூதா ஒரு நாளும் தவறாமல் அப்படியே செய்கிறாள். சத்தெல்லாம் கொல்லை வாழைக்குப் போகிறது. "வாழ நல்லாக் கொழுத்திட்டு" என்று கேலி பேசிக்கொண்டு, மிஞ்சிய சக்கையைச் சோற்றோடு பிசைந்து, ஜெஸ்லாவின் பாகற்காயை நினைத்தபடி விழுங்குவார். கனவு காண்கிறார் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். "நான் காதால திங்கிறேன். அதுக்கு எந்த டொக்டரும் தட சொல்லல்ல."

போன வாரம் கத்தியைத் தேடிக் குசினிக்குள் போனவர், அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டார். ஒரே சட்டி. மஸூதா அதே வெளுத்த புடோலைத் தன் பீங்கானில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு வேற ஆக்கல்லயா?"

"நீங்க இப்பிடித் திங்க, நான் வாசம் வரப் பொரிக்கிறதா?"

"எப்ப இருந்து இந்தக் கூத்து?"

"கிளினிக்ல சொன்ன நாள்ல இருந்துதான். சும்மா போங்க."

ஊரார் அடுப்பையெல்லாம் விசாரித்த மனிதர், தன் வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கவில்லையே! வெட்கமாக இருந்தது. அவள்மேல் பொங்கிய அன்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை.

மறுநாள் மஸூதாவைப் பலவந்தமாக உட்காரவைத்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ரவூப் நாநா சமைத்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சேர்த்ததெல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. பாகற்காய் வட்டம் வட்டமாகப் பொரிந்தது. கத்தரிக்காய்க்கு மாசிக் கருவாடு இடித்துப் போட்டுத் தேங்காயின் முதல் பால் விட்டார். நோன்பு நாளில் பெண்கள் போடுவதுபோல, உப்பை நாக்கில் வைத்துப் பாராமல் கைப்பதத்தில் போட்டார். வாசம் வீடு முழுக்கப் பரவியது. அவர் மூக்கைத் திருப்பிக்கொள்ளவில்லை, ஆசைதீர இழுத்தார்.

"நீங்க?" என்றாள் மஸூதா.

"என்ட சட்டி அந்தா வேகுது. நீ தின்னு."

அவள் தயங்கித் தயங்கிப் பிசைந்தாள். கவளத்தை உயர்த்தி அவள் வாயைத் திறந்தபோது, எதிரே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அவருடைய வாயும் கூடவே திறந்தது.