திரையில் வந்த அம்மா

சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க. பேய், ஆவின்னு எவனாச்சும் ஆரம்பிச்சா எழுந்து போற ஆளுங்க நான். ஆரணில கல்யாண வீடியோ எடுக்கறேன், இல்லாதத இருக்கிற மாதிரி காட்றதே என் பொழப்பு, என்னை யாரால ஏமாத்த முடியும்னு நெனச்சுகினு இருந்தவன்.

சேவூர்ல ஒரு ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு லதா டீச்சர் நாடகம் போட்டாங்க. சந்தைல தொலைஞ்சுபோன பசங்க அப்பா அம்மாவ தேடற கதை. மேடைல பசங்க மட்டும்தான். பெரியவங்கள எல்லாம் நான் முன்னாடியே ஷூட் பண்ணிட்டேன், பின்னாடி கட்டின பெரிய திரைல அவங்க வருவாங்க, பசங்க அவங்களோட பேசணும். கனிஷ்கான்னு ரெண்டாங்கிளாஸ் பொண்ணு. அவளுக்கு அம்மாவா நடிச்சது அவ சொந்த அம்மா செல்வியே. ஸ்டூல்ல உக்கார வெச்சு முகத்த மட்டும் எடுத்தேன். கடைசி வசனம், "வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்." சொல்லிட்டு அவங்களே வெக்கப்பட்டு சிரிச்சிட்டாங்க, திரும்ப எடுத்தோம்.

விழா வர்றதுக்குள்ள செல்வி போய்ட்டாங்க. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க, திரும்பல. கொழந்த அழவே இல்லையாம், யார்கிட்டயும் பேச்சும் இல்லையாம். அந்த சீனே வேணாம்னு டீச்சர் சொன்னப்போ, செல்வியோட வீட்டுக்காரர் முருகன், பட்டு நெய்யறவர், வந்து கெஞ்சினார். "எடுத்துடாதீங்க டீச்சர். அம்மாவ பாக்கலாம்னு சொல்லித்தான் அதுக்கு சோறே ஊட்டறேன்."

விழா அன்னிக்கு சாயங்காலம் நான் லேப்டாப் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். செல்வி முகம் திரைல வந்துச்சு. கனிஷ்கா நின்ன எடத்துலயே நின்னு பேசணும். ஆனா அவ திரையப் பாத்து நடக்க ஆரம்பிச்சா.

"நானும் உன்கூட வரேம்மா."

நாடகத்துலயே இல்லாத பேச்சு. டீச்சர் என் கைய இறுக்கிப் புடிச்சாங்க. அடுத்து வரப்போறது "வா கண்ணு" ஆச்சே.

நம்பினா நம்புங்க. செல்வி கொழந்தைய குனிஞ்சு பாத்தாங்க. "நீ இரு கண்ணு. அம்மா போறேன்"னாங்க. எழுந்து, திரும்பி, நடந்து போய்கினே இருந்தாங்க, திரை வெறும் வெள்ளையாவற வரைக்கும். முகத்த மட்டும்தாங்க நான் எடுத்தேன்!

ஜனங்க நாடகம்னு நெனச்சு கை தட்டறாங்க. கொழந்த அங்கயே உக்காந்து, "அம்மா"ன்னு கதறிச்சு. அம்மா செத்த அன்னிக்கு வராத அழுகை அப்பதான் வந்துச்சு. முருகன் ஓடிப்போய் தூக்கி மார்ல போட்டுகினார்.

உடனே போட்டுப் பாத்தேன். ஃபைல்ல நான் எடுத்ததுதான் அப்படியே இருக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு முருகன் என் கடைக்கு வந்து அந்த வீடியோவ கேட்டார். பாத்துட்டு, "இது இல்லீங்க"ன்னார். "அன்னிக்கு அவ தலமுடி சொட்டச் சொட்ட ஈரமா இருந்துச்சே. குளிப்பாட்டி பாடைல வெச்சப்போ இருந்த மாதிரியே."

அவர் சொன்னப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. விழா முடிஞ்சு அந்தத் திரைய அவுத்தப்போ அடி ஓரம் முழுக்க நனைஞ்சிருந்துச்சு. பனின்னு நெனச்சு, மறுநாள் நான்தாங்க அத வெயில்ல காயப் போட்டேன்.