காந்தள் நின்ற ஓடைக்கரை

தெரசா டீச்சர் இறந்துபோய்விட்டார் என்று இண்டூர் பஸ் நிறுத்தத்தில் சொன்னார்கள். அழுகை வருவதற்கு முன்பே, ‘இனி யாரும் என்னை அவரோடு ஒப்பிட மாட்டார்கள்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன பயன்?

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரே பள்ளியில் இருவரும் அறிவியல் ஆசிரியைகள். அறுபதுகளின் கடைசியில் ஒரு கண்காட்சிக்கு ஆளுக்கொரு செடியைப் பற்றி எழுதினோம். அவருக்குச் செங்காந்தள். எனக்கு ரோட்டோரத்து ஆவாரை. வயிறு எரிந்தது. அவரோ என் செடியையும் மெச்சினார்.

“தோல் பதனிடப் பட்டைய உரிச்சாலும் ஆவாரை மறுபடி துளிர்க்குதுங்க டீச்சர். காந்தளுக்குக் கிழங்கு போனா அவ்வளவுதானுங்க. மருந்துக்குத் தோண்டித் தோண்டி, நம்ம ஊர் ஓடைக்கரையில ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது.”

செடியை வேரோடு உலர்த்தித் தாளில் ஒட்டுவதுதான் எங்கள் படிப்பில் முறை. அவர் ஒரு பூவையும் இரண்டு இலைகளையும் மட்டும் ஒட்டினார். கேட்டதற்கு, “பத்து இருந்தா ஒண்ணு எடுக்கலாமுங்க. ஒண்ணே இருந்தா பார்த்துட்டு வந்துரணும்” என்றார்.

மறுநாள் நான் தனியாகப் போய் அதைத் தோண்டினேன். ஆவாரையையும், கிழங்கோடு காந்தளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒப்பிட்டு எழுதினேன். சித்தேரி மலைமேல் கிடைத்தது என்று புளுகினேன். முதல் பரிசு எனக்கு. “மலையில இன்னும் இருக்குதுங்களா!” என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

அடுத்த மழைக்கு, காந்தள் துளிர்த்திருக்கும் என்று என்னையும் ஓடைக்குக் கூட்டிப்போனார். குழிதான் இருந்தது. “பன்றி தின்றிருக்கும்” என்றேன்.

“அது விஷக் கிழங்குங்களே டீச்சர். பன்னி வாய் வெக்காதுங்களே.”

தாவரவியல் படித்த எனக்கு அது தெரியாதா? அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சேலையை உதறிக்கொண்டு நடந்தார். அதன்பின் சாகும்வரை, ஏழெட்டு வருடங்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். பொறுமையிலும் என்னை முந்திவிட்டார் பாருங்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் அவர் தங்கை ஒரு நோட்டைக் கொடுத்தாள். “அக்கா ஒங்களுக்குத்தான் தரச் சொல்லுச்சுங்க.”

முத்து முத்தான எழுத்தில் இரண்டு வரிசைகள். ஆவாரை: ஏராளம். செங்காந்தள், ஓடைக்கரை: அழிந்தது. காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

அந்த நோட்டுதான் என்னிடம் இருக்கிறது. நேற்று அந்தக் கட்டத்தில் என் பெயரை மையால் எழுதினேன். அவர் எழுத்துக்குப் பக்கத்தில் அது கோணலாகத்தான் தெரிகிறது.