வீங்கியது கால் மட்டும் இல்லை

காலை பத்தே கால் மணி. கோட்டைக்குப்பம் உப்பேரிக் கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்ற ஒரே படகு இரண்டாகத் தெரிந்தது. ஏரி வெயிலின் கூச்சம் என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. எதிர்பாராமல் உண்டாகி, ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம். வெட்கத்தில், சென்னையில் படிக்கும் அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பரிசோதனைக்கும் போகவில்லை. கால் வீங்கியபோது பயப்படவுமில்லை. உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்கிற எங்களுக்கு அது வழக்கம்தான்.

பக்கத்தில் இருந்த தேவி என்னையே பார்த்தாள்.

"இன்னாக்கா, தண்ணில நிக்கறது காலு. மூஞ்சி ஏன் வீங்கிக்கீது?"

"தலைதான் ரெண்டு நாளா வலிக்குதுடி."

"மேல துண்டு போட்டுக்கினா வயிறு தெரியாதுனு நெனப்பா? ஏறு ஆட்டோல."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தாமதித்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லி, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

இப்போது தவறாமல் பரிசோதனைக்குப் போகிறேன். தலைவலி, வீக்கம் எதற்கும் நானாகக் காரணம் சொல்லிக்கொள்வதில்லை. ஆனாலும் படகைப் பார்த்தால் ஒன்றுதானா என்று இன்னும் உற்றுப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மாலையே, தேவி போனில் சொல்லி, மகள் சென்னையிலிருந்து வந்து கட்டிலருகே நின்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டும்மா. பேரு நான்தான் வெப்பேன். கொஞ்சம் நவுந்து படு, நான் ஒக்காரணும்" என்றாள்.