ஹியூபேட் அத்தான் தொடாத பைனாகுலர்

ஒக்டோபர் வந்தால் ஹியூபேட் அத்தானுக்குக் கொட்டாஞ்சேனையில் கால் தரிக்காது. ஒரு பையும் குடையுமாக ஸ்டேஷனுக்குப் போய்க் கோச்சி ஏறி, ஹட்டனுக்கு மேலே இருக்கும் ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுவார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தபோதும் போனார், பென்சன் எடுத்த பிறகும் போகிறார். கேட்டால், குளிருக்குத் தப்பி வருகிற பறவைகளைப் பார்க்கவாம்.

அந்தக் கதையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. பறவை பார்க்கிற மனுஷனிடம் ஒரு பைனாகுலர் இருக்காதா? வாங்கித் தருகிறோம் என்றாலும், "கண்ணே காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்பார். நெருப்பில்லாமல் புகையுமா என்று அவருடைய மனைவியான என் அக்கா மாக்ரெட்டின் காதில் போட்டுவைத்தேன்.

"அங்க ஒருத்தி இருக்கிறாள் எண்டு தெரிஞ்சால், யூஜினா, நான் கல்கிசையில இருக்கிற மகளிட்டப் போயிடுவன். இந்த மனுஷனோட இனி இருக்கேலாது" என்றாள் அக்கா. சும்மா சொல்லவில்லை, சூட்கேஸில் உடுப்புகளை அடுக்கியும் விட்டாள்.

இந்த முறை நாங்களும் கூடப் போனோம். அக்காவின் கைப்பையில் நான் இரவல் வாங்கிய பைனாகுலர் இருந்தது. பறவை ஆசை உண்மையென்றால் பாய்ந்து வாங்குவார், பொய்யென்றால் முழிப்பார்.

இறங்கும்போது நல்ல வெயில். அணைக்கட்டுக்குக் கிட்டப் போவதற்குள் மூடுபனி, பிறகு தூறல். அந்த வானத்தையும் நம்பமுடியாது. அத்தான் குடைக்குள் நின்று தண்ணீரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தியும் வரவில்லை. அக்கா பைனாகுலரை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள்.

அத்தானின் முகம் வெளிறிப்போயிற்று. "உள்ள வையும்! உள்ள வையும்!" என்று அதைக் கழற்றி அவளுடைய பைக்குள் திணித்தார். கள்ளன் பிடிபட்டான் என்றே நினைத்தேன்.

அந்நேரம் அணைக்கட்டுக் காவலாளி ஒருவர் எங்களை நோக்கி வந்தார். அவர் வாய் திறக்க முன்னமே அத்தான் அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். காவலாளி அட்டையைப் பார்க்கவே இல்லை. பெரிய மழை வரப்போகிறது, மேலே கொட்டகைக்குப் போங்கள் அங்கிள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

கொட்டகையில் வைத்துத்தான் அத்தான் வாய் திறந்தார்.

"சண்டைக் காலம். பைனாகுலரோட இதே இடத்தில நிண்டனான். தமிழன் ஒருத்தன் அணைக்கட்டை வேவு பாக்கிறான் எண்டு ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போய் அடிச்சவங்கள். எங்கட சேர்ச் ஃபாதர் வந்துதான் வெளியில எடுத்தவர். உள்ள இருந்த நாளையெல்லாம் உமக்கு ஒஃபிஸ் ட்ரிப் எண்டு சொன்னனான்."

"ஏன் மறைச்சனீங்கள்?" என்றாள் அக்கா.

"சொல்லியிருந்தால், பிறகு என்னை இங்க வர விட்டிருப்பீரோ?"

அக்கா அழுதாள். புகை கிளப்பிவிட்ட நான்தான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். மழை விட்டதும் அக்கா பைனாகுலரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரைக்கு இறங்கினாள்.

"கேக்கிறவன் என்னட்டக் கேக்கட்டும். நான் பாத்துச் சொல்லுறன், நீங்கள் பேரைச் சொல்லுங்கோ. அந்தக் கல்லில ஒண்டு நிக்குது. மஞ்சள் வயிறு. வால் ஆடிக்கொண்டே இருக்குது."

"வாலாட்டி" என்றார் அத்தான். அடையாள அட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.